வேற்றான் வரைந்த வழியில் நம் தலைநகரா?

ஓர் ஊரை அறிய இரண்டு வழிகள் உள. ஒன்று, அவ்வூரை விற்பவன் காட்டும் வழி. மற்றொன்று, அவ்வூரில் வாழ்பவன் நடக்கும் வழி. முதல் வழியில் போகிறவன் கட்டடங்களைக் கண்டு திரும்புவான். இரண்டாம் வழியில் போகிறவனே மக்களைக் காண்பான். இவ்விரண்டனுள் தமிழன் தன் தலைநகரைக் காண எவ்வழியில் போகிறான்? நெல்லையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் கோவையிலிருந்தும் சென்னைக்கு வந்திறங்கும் நம் இளைஞன், கடல் கடந்து வந்த வெள்ளைக்காரன் நடக்கும் அதே வழியில் நடந்து, அவன் நிற்குமிடத்தில் நின்று, அவன் படமெடுக்குமிடத்தில் படமெடுத்து, அவன் உண்ணும் கூடத்தில் அவன் கொடுக்கும் விலையைக் கொடுத்து உண்டு, "சென்னையைப் பார்த்துவிட்டேன்" என்று ஊர் திரும்புகிறான். அவன் பார்த்தது சென்னையை அன்று. சென்னையைப் பற்றி வேற்றான் ஒருவன் வரைந்து வைத்த படத்தை!

இஃது ஏதோ பொழுதுபோக்குப் பற்றிய சிறுகுறை என்று எண்ணிவிட வேண்டா. எவ்விடம் காணத் தக்கது, எவ்வுணவு உண்ணத் தக்கது, எத்தெரு நடக்கத் தக்கது என்று முடிவு செய்யும் உரிமையைப் பிறன் கையில் கொடுத்துவிட்ட இனம், நாளடைவில் தன் வரலாற்றையும் அவன் கையிலேயே கொடுத்துவிடும். கண்ணடிமை கருத்தடிமையாகும், கருத்தடிமை வாழ்வடிமையாகும். அதனாலேயே இதனை எழுத நேர்ந்தது.

கல் நட்ட கதை

சுற்றுலா உந்துகள் காட்டும் சென்னை எங்குத் தொடங்குகிறது? வெள்ளையன் கட்டிய கோட்டையில் தொடங்குகிறது. 1639-இல் நிலம் பெற்று, 1640-இல் கும்பினியார் எழுப்பத் தொடங்கிய கோட்டை அது. கோட்டைக்குள் இருந்தது வெள்ளையர் நகர். அதன் வடபுறத்தே ஒட்டிக் கிடந்தது நம் மக்கள் வாழ்ந்த ஊர். அவ்வூருக்கு அவர்கள் இட்ட பெயர் 'கறுப்பர் நகர்'. தறி நெய்தவனும் துணி வெளுத்தவனும் சுமை தூக்கியவனும் அங்கேதான் வாழ்ந்தார்கள்.

1746-இல் கோட்டையைப் பிடித்த பிரஞ்சுக்காரர் அவ்வூரின் ஒரு பகுதியை இடித்தனர். 1758-59 முற்றுகைக்குப் பின் எஞ்சியதை ஆங்கிலேயரே இடித்துத் தரைமட்டமாக்கினர். கோட்டையிலிருந்து பீரங்கி சுடுவதற்குத் தடையில்லாத வெட்டவெளி வேண்டுமாம்! இரண்டு வேற்றரசுகளின் போரில் வீடிழந்தவன் மூன்றாமவனாகிய மண்ணின் மகன். அவன் வடக்கே தள்ளப்பட்டான். இவ்வெளியில் இனி எவனும் வீடு கட்டலாகாது என்பதற்கு அடையாளமாக 1773-இல் எல்லைக் கற்கள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று பாரிமுனையில் ஒரு பெருங்கட்டடத்தின் ஓரத்தில் இன்றும் நிற்கிறது. இடிக்கப்பட்ட அவ்வூரின் மேல்தான் 1892-இல் உயர்நீதிமன்றம் எழுந்தது.

பாரிமுனை என்றவுடன் முல்லைக்குத் தேர் கொடுத்த பறம்பின் கோமானை எண்ணி மகிழ்ந்துவிடாதீர்கள். அது வேல்சு வணிகன் தாமசு பாரியின் பெயர். நம் நாவில் புரண்டு தமிழ்போல் ஒலிப்பதால் அது நம்முடையதாகிவிடாது. வடக்கே தள்ளப்பட்ட புதிய கறுப்பர் நகருக்கும் பின்னாளில் ஐந்தாம் சார்ச்சு மன்னனின் பெயரைச் சூட்டினார்கள். நம்மை முதலில் நிறத்தால் அழைத்தார்கள். பிறகு தங்கள் மன்னன் பெயரால் அழைத்தார்கள். நம் பெயரால் நம்மை அழைக்க ஒருநாளும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

வெள்ளையன் போய்விட்டான். ஆனால் அவன் நட்ட கல் நம் உள்ளத்தில் நிற்கிறது. அன்று "இக்கல்லுக்கு இப்பால் வாராதே" என்று நமக்குச் சொன்ன அதே கல், இன்று "அப்பால் போகாதே, அங்கே அழுக்கு, இரைச்சல், ஏழ்மை" என்று சொல்கிறது. கோட்டை, அருங்காட்சியகம், கடற்கரை, சாந்தோம், மயிலைக் கோயில், பிறகு குளிரூட்டிய உந்தில் ஏறி மாமல்லபுரம் என்று சுற்றுலா வழி தெற்கே தெற்கே போகிறதே யன்றி, கல்லைத் தாண்டி வடக்கே ஓரடி வைப்பதில்லை. மயிலையும் மாமல்லையும் நம்முடையவையே. அவற்றைக் காண வேண்டா என்பார் யார்? அவற்றோடு நகர் முடிந்துவிட்டது என்று நம்புவதையே கண்டிக்கிறோம்.

கல்லுக்கு அப்பால்

அக்கல்லைத் தாண்டி வடக்கே நடந்து பாருங்கள். முதலில் தெருக்களின் பெயர்களைப் படியுங்கள். தங்கசாலை: காசு அடித்த இடம். பவளக்காரத் தெரு: பவளம் விற்றவர் வாழ்ந்த தெரு. வண்ணாரப்பேட்டை: கும்பினியின் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்களின் பேட்டை. தெற்கேயும் மேற்கேயும் திரும்பினால் சூளை: இந்நகரின் செங்கல் வெந்த இடம். சிந்தாதிரிப்பேட்டை: 1734-இல் நெசவாளரைக் குடியேற்றிய தறிப்பேட்டை. எந்த அருங்காட்சியகமும் இவ்வளவு சுருக்கமாக ஒரு நகரின் உழைப்பு வரலாற்றைச் சொல்லாது. கோட்டையைக் கட்டச் சொன்னவன் பெயர் நூல்களில் இருக்கிறது. அதனைக் கட்டியவனின் வரலாறு தெருப்பெயரில்தான் இருக்கிறது.

ஏழுகிணற்றுக்குப் போங்கள். 1772-இல் கோட்டையில் இருந்தவர்களுக்குக் குடிநீர் கொண்டுபோவதற்காக அங்கே கிணறுகள் தோண்டப்பட்டன. கறுப்பன் நிலத்தின் நன்னீர் வெள்ளையன் கோட்டைக்குச் சென்ற கதை அது. அதே ஏழுகிணற்றில் வீராசாமித் தெருவில் ஒரு சிறு வீடு. தந்தையை இழந்து கைக்குழந்தையாகச் சென்னைக்கு வந்த வள்ளலார் வளர்ந்து வாழ்ந்த வீடு அது. வாடிய பயிர் கண்டு வாடிய அப்பெருமகன் இளமையில் நாள்தோறும் நடந்து சென்று பாடிய கந்தகோட்டம் அண்மையில்தான் இருக்கிறது. வடலூரை அறிந்த தமிழருள் எத்தனைப் பேர் இவ்வீட்டை அறிவர்? பசித்தவனுக்குச் சோறிடுக என்று உலகுக்குச் சொன்ன உள்ளம், பசித்தவர் நெருங்கி வாழ்ந்த இத்தெருக்களில் அன்றோ உருவாயிற்று!

அங்கிருந்து மூலக்கொத்தளம் சேருங்கள். கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறை புகுந்து, 1939-இல் உயிர் நீத்த நடராசனும் தாளமுத்துவும் அங்கே உறங்குகின்றனர். மொழிக்காக முதலில் விழுந்த இருவர் அவர்கள். தந்தை பெரியாருக்குப் 'பெரியார்' என்னும் பட்டம் வழங்கிய 1938-ஆம் ஆண்டுப் பெண்கள் மாநாட்டை முன்னின்று நடத்திய மருத்துவர் தருமாம்பாள் அம்மையாரின் அடக்கவிடமும் அங்கேயே உள்ளது. எழும்பூரில் அரசு மாளிகை ஒன்றுக்குத் தாளமுத்து நடராசன் பெயர் வைத்திருக்கிறார்கள். அம்மாளிகைக்குள் நுழைந்து வெளிவருவோர் பலர். அப்பெயர் யாருடையது என்று கேட்போர் சிலர். அவர்கள் உறங்குமிடத்தைத் தேடிச் செல்வோர் மிகச் சிலர். வெள்ளை ஆளுநர்களின் கல்லறைகளைக் காணச் சீட்டுக் கொடுத்து அழைத்துச் செல்லும் உந்துகள் இங்கே நிற்பதில்லை. நிற்காதது அவர்கள் குற்றம் அன்று. நிறுத்து என்று நாம் சொல்லாதது நம் குற்றம்.

இன்னும் சற்று மேற்கே புளியந்தோப்பும் பெரம்பூரும். இங்கிருந்த பின்னி ஆலைகளின் தொழிலாளர்தாம் 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கண்டனர். இத்துணைக் கண்டத்தில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அதுவே. மேடைத் தமிழுக்கு மாண்பு தந்த திரு.வி.க. அதன் துணைத் தலைவராயிருந்து, ஆலைத் தொழிலாளர் முன் அவர்கள் மொழியிலேயே பேசினார். ஆலைகள் மூடப்பட்டுவிட்டன. ஆயினும் அவ்வுழைப்பாளர் வாழ்வு விட்டுச் சென்றவை இன்னும் உயிரோடு உள. வியாசர்பாடித் திடலில் சிறுவர் ஆடும் கால்பந்து, சார்பட்டா முதலிய பரம்பரைகளின் பெயர் சொல்லிப் பேசப்படும் குத்துச்சண்டை, இறந்தவனுக்காக இரவெல்லாம் பாடும் கானா ஆகியவை அவை. இவற்றை இழிவென்று ஒதுக்கியவர்களே, இன்று திரைப்படத்தில் பார்த்தபின் வியக்கிறார்கள். வேற்றான் வியந்தால்தான் நாமும் வியக்க வேண்டுமா?

வடக்கெல்லையில் திருவொற்றியூர். மூவரும் பாடிய ஊர். பல்லவரும் சோழரும் கல்லில் எழுதி வைத்த ஊர். பட்டினத்தார் அடங்கிய ஊர். கோட்டை தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இங்கு நகர்வாழ்வு இருந்தது என்பதற்கு இக்கோயிலின் கற்களே சான்று. "போக வழியில்லை" என்னும் பழைய சாக்கும் இப்போது செல்லாது. 2019-இல் மெட்ரோ தொடர்வண்டி வண்ணாரப்பேட்டைக்கு வந்துவிட்டது. 2021-இல் திருவொற்றியூரைக் கடந்து விம்கோ நகர் வரை போய்விட்டது. வண்டி போகிறது, உள்ளம் போகவில்லை!

உண்ணுமிடம் அறிதல்

"நல்ல உணவு எங்கே கிடைக்கும்?" என்று வழிகாட்டி ஏட்டைப் புரட்டுகிறவனுக்கு ஒன்று சொல்வோம். சுமை தூக்கும் தொழிலாளி எங்கே நின்று உண்கிறானோ அங்கே உண். அவன் நாள்தோறும் வருகிறவன். அவனை ஒருமுறைதான் ஏமாற்ற முடியும். சுற்றுலாக்காரன் ஒருநாள் வருகிறவன். அவனை நாள்தோறும் ஏமாற்றலாம். உணவகத்தின் தரத்தை அறிய இதனினும் நம்பத் தக்க அளவுகோல் இல்லை.

விடியுமுன் காசிமேட்டுக்குப் போங்கள். கரை சேர்ந்த படகுகளிலிருந்து வஞ்சிரமும் வவ்வாலும் சங்கராவும் நெத்திலியும் கூடைகூடையாய் இறங்கும். ஏலம் கூறும் குரலும் விலை பேசும் மீனவப் பெண்களின் மிடுக்கும் கேட்கும். ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது. அந்நாள்களில் சிறுபடகுக்காரர் கொணரும் மீனே மீன். இதனை அறிந்தவன் கடலை அறிந்தவன். 'ஆண்டு முழுவதும் எல்லாம் கிடைக்கும்' என்று எழுதிவைத்த விடுதியில் உண்பவன் குளிர்ப்பெட்டியை அறிந்தவன்.

பேட்டைத் தெருக்களில் வீட்டு வாயிலிலேயே அடுப்பு மூட்டி ஆப்பமும் இட்டலியும் சுட்டு விற்கும் தாய்மாரைப் பாருங்கள். வெயில் நாளில் கேழ்வரகுக் கூழும் கருவாடும் வெங்காயமும் விற்கும் தள்ளுவண்டியைப் பாருங்கள். சைதாப்பேட்டையில் இட்டலிக்குத் துணையாகப் பருப்பு வடையை உதிர்த்துச் சமைக்கும் வடகறியை உண்டு பாருங்கள். இவற்றுக்கு விளம்பரம் இல்லை, தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதுவே அவற்றின் நற்சான்று.

கடற்கரை நிலையத்தின் எதிரே மாலையில் அத்தோ விற்கிறார்கள். "அது பர்மிய உணவன்றோ?" என்று முகம் சுளிப்பார் நம்மிலும் உளர். 1960-களில் பர்மாவிலிருந்து விரட்டப்பட்டு, தேடிய பொருளெல்லாம் இழந்து, கப்பலில் வந்திறங்கிய தமிழ்க் குடும்பங்கள் கையில் கொண்டு வந்தது அந்தக் கைப்பக்குவம் ஒன்றைத்தான். அதனை விற்றே அவர்கள் பிழைத்தெழுந்தார்கள். அந்தத் தட்டில் இருப்பது வெறும் உணவன்று. தாயகம் திரும்பிய தமிழனின் துயர வரலாறு. தூய்மை என்பது சொல்லில் வேண்டும்; உறவில் வேண்டுவது பரிவு.

தெற்கே ஒரு வீடு

அதே கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் செல்லும் மின்தொடர்வண்டியில் ஏறிப் பல்லாவரத்தில் இறங்குங்கள். வானூர்தி நிலையத்துக்கு அடுத்த ஊர் என்றே பலர் அதனை அறிவர். 1863-இல் இராபர்ட்டு புரூசு பூட்டு என்னும் நிலநூலறிஞர் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது அங்கேதான். இந்நாட்டின் தொல்மாந்தன் வரலாற்றைத் திறந்துவைத்த கல் அது. ஆங்கிலேயன் வந்துதான் சென்னையைத் தோற்றுவித்தான் என்று கதைப்பவர்களுக்கு, அக்கல்லே போதிய விடையாகும்.

அவ்வூரில்தான் மறைமலையடிகள் வாழ்ந்தார். வள்ளலாரின் பாடலில் வந்த 'தேகம்' என்னும் சொல்லுக்கு மாற்றாக 'யாக்கை' என்றிருந்தால் இன்னும் இனிக்குமே என்று அடிகள் கூற, மகளார் நீலாம்பிகையார் அதனை ஏற்க, 1916-இல் தனித்தமிழ் இயக்கம் அங்கே தோன்றியது. ஏழுகிணற்று வீட்டின் பாட்டு, பல்லாவரத்து வீட்டில் இயக்கமாயிற்று. அடிகள் விட்டுச் சென்ற நூல்களைக் கொண்டு 1958-இல் லிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூலகம் தொடங்கப்பட்டது. பின்னர் அது கன்னிமரா நூலகத்திற்கு மாறியது. இம்மூன்று இடங்களையும் ஒரே நாளில் தொடர்வண்டியிலும் காலாலும் கண்டு வரலாம். இதனினும் சிறந்த சுற்றுலா தமிழனுக்கு உண்டோ?

பெயர் சிதைந்தால் வழி சிதையும்

வழி கேட்பவனுக்குப் பெயர்தான் கைவிளக்கு. எழும்பூரை 'எக்மோர்' என்றும், திருவல்லிக்கேணியைத் 'திரிப்ளிக்கேன்' என்றும், தண்டையார்ப்பேட்டையைத் 'தொண்டியார்பெட்' என்றும் வெள்ளையன் தன் நாக்குக்கேற்ப முறித்தான். அவன் நாக்கு அவ்வளவுதான். நம் நாக்குக்கு என்ன வந்தது? 2020 சூனில் 1,018 ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்திலும் தமிழொலிப்படியே எழுத வேண்டுமென அரசாணை வெளியானது. எழுத்துகளைக் கூட்டுவதில் குறை கண்டார்கள், ஏளனம் செய்தார்கள், சில நாள்களுக்குள் ஆணை திரும்பப் பெறப்பட்டது. குறையிருந்தால் திருத்தியிருக்கலாமே! பிள்ளைக்குச் சளி பிடித்தது என்று பிள்ளையையே எறிந்துவிடுவார் உண்டோ? கடைப் பெயர்ப்பலகையில் தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவை 5:3:2 என்னும் அளவில் அமைய வேண்டும் என்ற விதியும் ஏட்டில் இருக்கிறது. தெருவில் இருக்கிறதா என்று நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தடைகளும் விடைகளும்

"சுற்றுலாவால் பணம் வருகிறது, அதனைக் கெடுக்கலாமா?" என்பார் சிலர். வரட்டும். ஆனால் அப்பணம் யாருக்கு வருகிறது? உயர்விடுதிக்கும் உந்துக்காரனுக்கும் வருகிறது. கூழ் விற்கும் தாய்க்கும் மீன் விற்கும் பெண்ணுக்கும் அதில் ஒரு காசேனும் வரும் வழியைத்தான் நாம் சொல்கிறோம்.

"இவ்விடங்களை ஊரறியச் சொன்னால் அவையும் சந்தைப் பொருளாகிவிடுமே?" என்பார் வேறு சிலர். இவ்வச்சம் உண்மையானது. ஏழையின் குடிலைக் காட்சிப்பொருளாக்கி வேடிக்கை பார்ப்பது, காணாமல் போவதினும் கொடியது. ஆதலால் விருந்தாளியாகப் போகாதீர், உறவினராகப் போங்கள். கேளாமல் படமெடுக்காதீர். பேரம் பேசி ஏழையின் வயிற்றில் அடிக்காதீர். தமிழில் பேசுங்கள்; கேட்டதற்கு மேல் கேளுங்கள்; கேட்டதை எழுதி வையுங்கள்.

இவற்றினும் பெரிய இடர் ஒன்று உண்டு. நகரின் நடுவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த உழைப்பாளரைப் பெயர்த்துக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்குமாடிகளில் அடைத்து வருகிறார்கள். பிறகு கண்ணகி நகரின் சுவர்களில் பெரும்பெரும் ஓவியங்கள் தீட்டி, 'வந்து பாருங்கள்' என்கிறார்கள். ஓவியம் நன்றே, ஓவியரை நாம் பழிக்கவில்லை. ஆனால் 1759-க்குப் பின் நடந்ததும் இதுதானே? அன்று பீரங்கிக்கு வெட்டவெளி வேண்டியிருந்தது. இன்று சாலைக்கும் மாளிகைக்கும் வெட்டவெளி வேண்டியிருக்கிறது. மக்களைப் பெயர்த்தால் அவர்களின் அடுப்பும் ஆட்டமும் பாட்டும் உடன் பெயர்ந்துவிடும். அதன்பின் தேடிப் போனாலும் காண்பதற்குத் தெருப்பலகைதான் மிஞ்சும்.

செய்ய வேண்டுவன

தமிழிளைஞனே! புலம்பிப் பயனில்லை. செய்வதற்கு உன் கையில் உள்ளவை இவை:

1. நீ வாழும் பேட்டையின் தெருப்பெயர்களுக்குப் பொருள் தேடி எழுது. முதியோரிடம் கேள், அவர் மறைந்தபின் கேட்க முடியாது.

2. சனவரி 25, மொழிப்போர் ஈகியர் நாள். அன்று உன் பிள்ளைகளைக் கைப்பிடித்து மூலக்கொத்தளத்திற்கு அழைத்துச் செல். மேடை வேண்டா, மாலை வேண்டா. அவ்விருவர் யார் என்பதை மட்டும் சொல்.

3. வெளியூரிலிருந்து வரும் உறவினரை ஒருநாள் கடற்கரைக்கும் ஒருநாள் ஏழுகிணற்றுக்கும் அழைத்துப் போ.

4. உண்ணும் கடையில் பெயர்ப்பலகையும் பற்றுச்சீட்டும் தமிழில் வேண்டும் என்று பணிவோடு, ஆனால் தவறாமல் கேள்.

5. எழும்பூர் என்று சொல். திருவல்லிக்கேணி என்று சொல். நடத்துநரிடமும் தானி ஓட்டுநரிடமும் சொல். உன் நாவில் பிழைத்த பெயரே நாளை பலகையில் பிழைக்கும்.

6. உன் பேட்டையிலிருந்து மக்களைப் பெயர்க்க வருகிறார்கள் என்றால் முதலில் போய் நில். காணத் தக்க இடம் என்பது அவர்கள்தாம்.

பாரிமுனையில் அந்தக் கல் நிற்கட்டும். வரலாற்றுக்குச் சான்று வேண்டும். அதனைப் பெயர்க்கச் சொல்லவில்லை. தாண்டச் சொல்கிறோம். நம் முன்னோர் பீரங்கிக்கு அஞ்சி வடக்கே போனார்கள். நாம் அஞ்சாமல், விரும்பி, நம் சொல்லைச் சொல்லிக்கொண்டு வடக்கே போவோம்!